சுவரில் பொருத்தும் செருப்பு ஸ்டாண்டு: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்விகளும் பதில்களும்

சுவரில் மாட்டும் செருப்பு ஸ்டாண்டைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. எங்கோ பார்த்த ஒரு வடிவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, பலகையும் அறுத்து முடித்த பிறகு சுவரைப் பார்ப்பதுதான் பலருடைய வழக்கம். முதலில் சுவர், அடுத்து வீட்டில் உள்ள காலணிகள், கடைசியில்தான் பலகை என்ற வரிசையில் போனால் செலவும் குறையும், செய்த வேலையும் நிலைக்கும். கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

தரையில் வைக்கும் ஸ்டாண்டு மலிவாகக் கிடைக்கும்போது சுவரில் எதற்காகப் பொருத்த வேண்டும்?

முதல் காரணம் தண்ணீர். காலையில் வாசல் தெளிக்கும் வீடுகளிலும், வராந்தாவைக் கழுவி விடும் வீடுகளிலும் தரையில் நிற்கும் ஸ்டாண்டின் கால்கள்தான் முதலில் கெடுகின்றன. இரும்பு துருப்பிடிக்கிறது, மரத்தூள் பலகை ஊறி உப்புகிறது. இரண்டாவது காரணம் பூச்சிகள். கன்னங்குறிச்சி, அடிவாரம் போன்ற மலையை ஒட்டிய பகுதிகளிலும் ஏற்காட்டிலும் தரையோடு கிடக்கும் ஷூவுக்குள் தேளோ பூரானோ ஒதுங்குவது புதிதல்ல. சுவரில் மாட்டினால் அந்த வாய்ப்பு குறையுமே தவிர முற்றிலும் நீங்கிவிடாது என்பதால், ஷூவைத் தட்டி உதறிவிட்டுப் போடும் பழக்கத்தை எப்படியும் விட்டுவிடக் கூடாது. மூன்றாவது, இடம். சாய்வுத் தட்டு வைத்த ஸ்டாண்டு சுவரிலிருந்து 25 செ.மீ. மட்டுமே வெளியே நிற்கும். குறுகிய நடையில் இது பெரிய வித்தியாசம்.

வீட்டில் எந்த இடம் பொருத்தமானது? எவ்வளவு உயரத்தில் மாட்டலாம்?

வாசலுக்கு அருகில், கதவு திறக்கும் வீச்சுக்கு வெளியே, மழைச்சாரல் நேரடியாக அடிக்காத சுவர்தான் நல்ல இடம். மேற்கு வெயில் விழும் சுவரைச் சேலத்தில் தவிர்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் வெயிலில் கிடக்கும் ஷூக்களின் அடிப்பாகத்தை ஒட்டியுள்ள பசை இளகிப் பிரியும். தோல் வறண்டு வெடிக்கும்.

ஸ்டாண்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் துடைப்பமும் மாப்பும் தாராளமாகப் புகுந்து வரும். 90 செ.மீ. உயர ஸ்டாண்டாக இருந்தால் அதன் மேல்விளிம்பு இடுப்புக்குச் சற்று மேலே முடியும்; சாவி, தலைக்கவசம், குடை வைக்க அந்த உயரம் வசதியானது. குளியலறையின் பின்புறச் சுவர், உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்த சுவர், ஓதம் ஏறும் சுவர் ஆகிய மூன்றிலும் பொருத்த வேண்டாம்.

பூஜை அறைச் சுவரில் மாட்டலாமா? தலைக்கு மேல் செருப்பு இருக்கலாமா?

பூஜை அறையோடு பொதுவாக உள்ள சுவரையும், உட்காரும் திண்ணைக்கு மேலே உள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள். வாஸ்து பார்ப்பவர், பார்க்காதவர் என்ற வேறுபாடே இங்கு எழாது. வீட்டுக்கு வரும் பெரியவர்களின் தலைக்கு நேர்மேலே செருப்பு தொங்குவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

என் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்பதை எவ்வாறு தெரிந்துகொள்வது?

ஸ்டாண்டு மறைக்கப்போகும் இடத்தில், டிரில்லிங் மெஷினில் 6 மி.மீ. பிட்டைப் பொருத்தி ஒரே ஒரு சோதனைத் துளை போட்டுப் பாருங்கள். சுவரைப் பற்றி அந்தத் துளையிலிருந்து வரும் தூள் சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. துளைக்குக் கீழே ஒரு தாளை மடித்து ஒட்டிக்கொண்டு, மெதுவாகத் துளையிட்டு, தூளின் நிறம் மாறும் இடத்தைக் கவனியுங்கள்.

முதலில் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஆழம் வரை சாம்பல் நிறத் தூள் வரும். அது சிமெண்டுப் பூச்சு. அதற்குப் பிறகு தூள் சிவப்பாக மாறி, பிட் சீராக இறங்கினால் நல்ல செங்கல் சுவர், கவலையில்லை. சாம்பல் நிறம் மாறாமல், பிட் மட்டும் சற்று எளிதாக இறங்கினால் அது சாம்பல் செங்கல்லாக இருக்கலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் அருகிலேயே கிடைப்பதால் நம் மாவட்டத்துப் புது வீடுகளில் இந்தக் கல் பரவலாக உள்ளது; இதுவும் பிளக்கை (ஸ்குரூவைப் பிடிப்பதற்காகத் துளைக்குள் அடிக்கும் உறையை) நன்றாகப் பிடிக்கும். சாம்பல் நிறம் மாறாமல், பிட் இறங்க மறுத்துச் சத்தம் கூடினால் அங்கே கான்கிரீட் தூண் இருக்கிறது. திடீரென்று பிட் உள்ளே ‘பொசுக்’ என்று புகுந்தால் ஹாலோ பிளாக். மாவு போல வெள்ளையாகக் கொட்டி, கையால் திருகினாலே பிட் இறங்கினால் உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. கல். பழுப்பு மண்ணாகக் கொட்டிக்கொண்டே இருந்து துளையின் வாய் அகன்றால் அது மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய பழைய சுவர். அதற்கான வழி பின்னால் தனியாகச் சொல்லப்பட்டுள்ளது.

செங்கல், சாம்பல் செங்கல், கான்கிரீட் மூன்றுக்கும் சாதாரண நைலான் பிளக் போதும். ஹாலோ பிளாக்கில் துளையிடும்போது ‘ஹேமர்’ விசையை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கல்லின் மெல்லிய தோல் உட்புறமாக உடைந்து விழும். உள்ளே போய் விரிந்து பிடிக்கும் வகைப் பிளக்கையே அதற்குக் கேட்டு வாங்குங்கள். ஏ.ஏ.சி. கல்லுக்கும் அகலமான மரை கொண்ட தனிப் பிளக் உண்டு.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தாலும் இந்த எடைக்குத் தாங்கும். ஆனால் சுவரின் மறுபக்கத்தில் அதே உயரத்தில் ஏற்கெனவே அலமாரி ஏதேனும் திருகப்பட்டிருந்தால், துளைகள் நேருக்கு நேர் வராதபடி தள்ளிப் போட வேண்டும்.

சுவருக்குள் போகும் மின்கம்பியைத் துளைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். சுவிட்சுப் பெட்டி, பிளக் பாயிண்டு, சுவர் விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் குழாய் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, இருபுறமும் 15 செ.மீ. விட்டுவிடுங்கள். வாசல் அருகில் அழைப்புமணிக்கான கம்பி போகும் பாதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டும்போது எடுத்த புகைப்படங்கள் கைபேசியில் இருந்தால் தேடிப் பாருங்கள். பூச்சுக்கு முன் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல வரைபடம் இல்லை. துளையிடும் நேரத்தில் அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிரில்லிங் மெஷினுக்கு வேறு அறையிலிருந்து இணைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

இவ்வளவு எடையைச் சுவர் தாங்குமா?

செருப்பு ஒரு ஜோடி அரைக் கிலோவுக்குள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூ முக்கால் கிலோ. தோல் ஷூ ஒரு கிலோவைத் தொடும். ஆலை வேலைக்குப் போகிறவர் போடும், விரல் பகுதியில் இரும்பு வைத்த ஷூ அதையும் தாண்டும். எல்லாம் கலந்து 12 ஜோடிக்கு 10 முதல் 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டு தானே 13 கிலோ வரை வரும். ஆக மொத்தம் ஏறக்குறைய 25 கிலோ.

எடையைவிட முக்கியமானது, அந்த எடை மேல் ஸ்குரூவை எவ்வளவு விசையோடு வெளியே இழுக்கிறது என்பதுதான். 90 செ.மீ. உயர ஸ்டாண்டில் எடையின் மையம் சுவரிலிருந்து 13 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் ஸ்குரூ வரிசை ஸ்டாண்டின் அடிவிளிம்பிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், இழுவிசை 25 × 13 ÷ 80, அதாவது சுமார் 4 கிலோதான். நான்கு ஸ்குரூக்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. மாறாக, 30 செ.மீ. அகலப் பலகை ஒன்றை 10 செ.மீ. உயரமே உள்ள ‘எல்’ வடிவ இரும்பில் வைத்து, அதன்மேல் பலகையும் ஷூவுமாக 8 கிலோ ஏற்றினால், இழுவிசை 8 × 15 ÷ 10, அதாவது 12 கிலோ. சிறிய பலகைதானே என்று அலட்சியமாக மாட்டியது பெயர்ந்து விழுவதும், பெரிய ஸ்டாண்டு அசையாமல் நிற்பதும் இதனால்தான். உயரம் குறைந்த, ஆழம் மிகுந்த வடிவத்தை விட்டுவிட்டு, உயரமான, ஆழம் குறைந்த வடிவத்தை எடுங்கள். பிள்ளைகள் தொற்றி ஏறும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

பன்னிரண்டு ஜோடிக்கு என்ன அளவுகள் தேவை?

வீட்டிலேயே பெரிய பாதம் யாருடையதோ அவருடைய ஷூவை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒன்பதாம் எண் ஆண்கள் ஷூ 29 முதல் 30 செ.மீ. நீளம்; ஒரு ஜோடி 22 செ.மீ. அகலத்தை எடுத்துக்கொள்ளும். பெண்கள் காலணிக்கு 18 செ.மீ. அகலம் போதும். ஷூவைத் தட்டையாக வைத்தால் ஸ்டாண்டின் ஆழம் 30 செ.மீ.க்கு மேல் போய்விடும். தட்டை 45 பாகை சாய்த்தால் அதே ஷூ 21 செ.மீ. ஆழத்தில் அடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கின்படி ஓர் அளவைச் சொல்கிறேன். பக்கப் பலகைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 90 × 23 செ.மீ., 18 மி.மீ. தடிமன். சாய்வுத் தட்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் 91 × 29 செ.மீ., 12 மி.மீ. தடிமன். தட்டுக்குத் தட்டு நேர்குத்தாக 22 செ.மீ. இடைவெளி. வரிசைக்கு நான்கு ஜோடி. உயரமான ஷூக்கள் இல்லாமல் செருப்புகள் மட்டும் உள்ள வீடாக இருந்தால் இடைவெளியை 14 செ.மீ.க்குக் குறைத்து, தட்டுகளை நான்கோ ஐந்தோ ஆக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தட்டின் கீழ்விளிம்பிலும் இரண்டரை செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டை வேண்டும். குதிகால் உயர்ந்த ஷூவை ஒரு கம்பியிலேயே மாட்டிவிடலாம். ரப்பர் செருப்புக்குக் குதிகால் இல்லையாகையால் தடுப்பு இல்லாவிட்டால் வழுக்கி விழும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இந்த ஸ்டாண்டில் அடங்காது. காப்பித் தோட்ட வேலைக்கு அதைப் போடுபவர்கள், பக்கவாட்டில் இரண்டு முளைகள் அடித்துத் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம். உள்ளே தேங்கிய ஈரமும் வடியும்.

எந்தப் பலகையை வாங்குவது?

பிளைவுட்தான் எளிது. உள்ளறைச் சுவருக்கு ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண வகை போதும். வராந்தாவுக்கும் ஏற்காட்டுக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் வகையே நல்லது. எட்டுக்கு நாலு ஷீட் முழுதாகத் தேவைப்படாது; வெட்டித் தரும் கடையாகப் பார்த்து, மிச்சத் துண்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். அளவுச் சீட்டு கொடுக்கும்போது ஒவ்வொரு ரம்ப வெட்டிலும் 3 மி.மீ. கழிந்துபோகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். ஈர ஷூ பட்ட இடத்தில் ஒரு மழைக்காலத்திலேயே உப்பிவிடும்.

ஏற்காட்டில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி படரவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தின் பலகை மலையில் எளிதாகக் கிடைக்கும். இழைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நன்றாக உலராத பலகையை வாங்கி வந்தால் முறுக்கிக்கொள்ளும், வண்டும் துளைக்கும். உலர்ந்த பலகையாக இருந்தால் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். பழைய வீட்டு ஜன்னல், கதவை இடித்து விற்கும் இடங்களில் கிடைக்கும் தேக்குச் சட்டங்கள் என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட மேல். ஆணிகளைப் பிடுங்கி இழைக்கப் பொறுமை மட்டும் வேண்டும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பக்கப் பலகைகள் இரண்டையும் அருகருகே படுக்க வைத்து, தட்டு வரும் இடங்களை 45 பாகையில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் கிழித்தது மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும்; இரண்டையும் ஒரே பக்கமாகக் கிழித்துவிட்டால் ஒன்று வீண். கோட்டின் கீழ் ஓர் அங்குல ரீப்பரை ஃபெவிகாலும் ஸ்குரூவும் கொண்டு பிடித்து, அதன்மேல் தட்டை உட்கார வையுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டின் விளிம்பில் நேராக ஸ்குரூ ஏற்றினால் அடுக்கு பிளந்துகொள்ளும் என்பதால்தான் ரீப்பர் தேவைப்படுகிறது. பின்புறத்தில் மேலே 10 செ.மீ. அகலத்தில் ஒரு குறுக்குப் பட்டையும் கீழே ஒன்றும் வையுங்கள். முழுப் பின்பலகை தேவையில்லை, காற்று போகட்டும்.

மாட்டுவதற்கு இரட்டைப் பட்டை முறையைப் பரிந்துரைக்கிறேன். 18 மி.மீ. தடிமனுள்ள ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வாக இரண்டாக அறுத்தால், ஒன்றின்மேல் ஒன்று கொக்கி போல உட்காரும் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றைச் சாய்வு மேல்நோக்கியும் சுவர்ப்பக்கமாகச் சரிந்தும் இருக்கும்படி சுவரிலும், மற்றதைத் தலைகீழாக ஸ்டாண்டின் பின் குறுக்குப் பட்டையிலும் திருகிவிட்டு, ஸ்டாண்டைத் தூக்கி அதன்மேல் மாட்டினால் போதும். கீழேயும் அதே தடிமனில் ஒரு கட்டை கொடுத்தால் ஸ்டாண்டு சாயாமல் நிற்கும். சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் காற்றோடும் இடைவெளியும் கிடைக்கும். வெள்ளையடிக்கும் காலத்தில் ஸ்குரூ கழற்றும் வேலை பெரும்பாலும் இல்லை.

சுவர்ப் பட்டையை ரசமட்டம் வைத்துக் குறித்து, 25 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு துளைகள் போடுங்கள். 8 மி.மீ. பிட், 50 மி.மீ. நீளப் பிளக், மூன்று அங்குல ஸ்குரூ. துளையின் ஆழம் 7 செ.மீ. இருக்கட்டும். பிளக் பூச்சில் நிற்காமல் கல்லுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்த பிளக், பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அருகருகே இரண்டு துளையும் ஒரே செங்கல் இணைப்பில் விழுந்தால் ஒன்றைச் சற்று நகர்த்துங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கை அடிக்க வேண்டும். கடைசியில் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, எனாமல் பெயிண்டோ வார்னிஷோ பூசுங்கள். வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு அதிகம் கொடுங்கள், ஈரம் புகுவது அங்கேதான்.

ஏற்காட்டில் எங்களுடையது பழைய கல் வீடு. பிட் இறங்கவே மாட்டேன் என்கிறது.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. கடினத்தில் கருங்கல்லுக்குக் குறைந்ததல்ல. சாதாரண டிரில்லிங் மெஷினில் பிட் சூடேறி முனை மழுங்குமே ஒழியத் துளை விழாது. கல்லை விட்டுவிட்டு இடைப்பட்ட சாந்தில் துளையிட்டால் பிட் இறங்கிவிடும், ஆனால் பழைய மண் சாந்தும் சுண்ணாம்புச் சாந்தும் பிளக்கைப் பிடிக்காது. இப்படிப்பட்ட சுவரில் முழு எடையைத் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஸ்டாண்டின் பக்கப் பலகைகளைக் கீழே நீட்டி, தரையில் ஊன்றும் இரண்டு முன்னங்கால்களாக ஆக்கி, அவற்றுக்கு அடியில் ரப்பர் துண்டோ கடப்பைக்கல் துண்டோ கொடுத்துவிடுங்கள். எடையைத் தரை ஏற்றுக்கொள்ளும். முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் சுவருக்கு மிஞ்சும், அதற்குச் சாந்தில் போட்ட இரண்டு ஸ்குரூக்களே போதும். சுவரிலேயே மாட்டியாக வேண்டும் என்றால், கல்லில் துளை போடும் பெரிய ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பதோ கொத்தனாரைக் கொண்டு துளையிட்டுச் சிமெண்டில் கட்டை பதிப்பதோதான் வழி.

கதவு வைத்து மூடிவிட்டால் தூசியும் நாற்றமும் வராதல்லவா?

தூசி வராது, நாற்றம் கூடும். வியர்வையில் நனைந்த ஷூவை உலராமல் மூடி வைப்பதால்தான் நாற்றமே வருகிறது. சேலத்தில் கதவு வேண்டுமென்றால் கீழேயும் மேலேயும் விரல் நுழையும் அளவுக்குத் துளை வரிசையோ ஜாலியோ விட்டுச் செய்யுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஏற்காட்டில் கதவே வேண்டாம். இரு பருவமழையும் தொடும் ஊரில், மூடிய பெட்டிக்குள் வைத்த தோல் ஷூவில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர அதிக நாள் பிடிக்காது.

பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஷூக்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஈரக்காற்றில் அந்தப் பொருள் மெல்ல மெல்லச் சிதைகிறது. போடாமல் பத்திரமாக எடுத்து வைத்த ஷூவே இதில் முதலில் கெடும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தினால் வெல்லக்கட்டி போல உதிரும். விசேஷத்துக்கென்று வைத்திருக்கும் ஷூவையும் இடையிடையே போட்டு நடக்க வேண்டும்; கீழ்த்தட்டில் ஒளித்து வைக்காமல் மேல்தட்டில் காற்றுப்பட வையுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஸ்டாண்டுக்கு வெளியே நிழலில் உலர்த்திய பிறகே தட்டில் ஏற்றுங்கள். தட்டின் மூலையில் ஒரு துணி முடிச்சில் அடுப்புக்கரி வைத்தால் நாற்றம் ஓரளவு குறையும்.

மரமே வேண்டாம் என்றால் வேறு என்ன வழி?

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைக் கொண்டு வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். இரண்டு குழாய்களுக்கு ஒரு வரிசை. பின் குழாயில் குதிகால் மாட்டும், முன் குழாயில் விரல் பகுதி சாயும். சேலம் எஃகுத் தகட்டுக்குப் பெயர் பெற்ற உருக்காலை உள்ள ஊர் என்பதால் கடைக்காரர்கள் எல்லாவற்றையுமே நல்ல ஸ்டீல் என்றுதான் சொல்வார்கள். 304 தரம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 110 மி.மீ. பி.வி.சி. குழாயைத் துண்டுகளாக அறுத்து அடுக்கும் முறையும் உண்டு. துண்டுக்கு ஒரு கால் ஷூதான் நுழையும், தூசியும் உள்ளேயே தங்கும். குழந்தைகளின் காலணிகளுக்கு மட்டும் அது சரிப்படும்.

வாடகை வீட்டில் துளை போட அனுமதியில்லை. என்ன செய்வது?

ஒட்டும் பட்டைகளை நம்ப வேண்டாம். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் அவை பெயிண்டை உரித்துக்கொண்டு வந்துவிடும். கல் வீட்டுக்குச் சொன்ன முன்னங்கால் முறையையே எடுத்துக்கொண்டு, ஸ்டாண்டின் அடிப்பாகத்தை ஓர் அங்குலம் முன்னால் தள்ளிச் சுவரில் சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதையும் ஒரே ஒரு ஸ்குரூவாவது போட்டுப் பிடிக்க வேண்டும். காலி செய்யும்போது அந்தத் துளையைப் புட்டி வைத்து அடைத்துத் தருவதாக வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

சுவரில் மாட்டியதைக் கரையான் தொடுமா?

தொடும். கரையான் சுவருக்குள்ளிருந்தே வரும். பின்புறம் உள்ள இடைவெளியில் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து, மண்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். சுவர்ப் பட்டையின் பின்பக்கத்துக்கும் மறக்காமல் பெயிண்ட் அடித்த பிறகே அதை மாட்ட வேண்டும்.

சில மாதங்களில் ஸ்குரூ ஒன்று தளர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய ஸ்குரூ போட்டால் சரியாகுமா?

பழைய பிளக்கில் பெரிய ஸ்குரூவை ஏற்றினால் பிளக் பிளந்து, துளையின் வாயும் உடையும். ஸ்டாண்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பிளக்கைப் பிடுங்கி, 10 மி.மீ. பிட்டால் துளையைப் பெரிதாக்கித் தூளை ஊதி எடுத்து, 10 மி.மீ. பிளக்கும் அதற்கேற்ற ஸ்குரூவும் போடுங்கள். துளையின் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தால் அதைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து ஒரு வாரம் தண்ணீர் காட்டி ஆறவிட்டு, பட்டையில் 5 செ.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டுக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்று தளர்ந்திருந்தால், மற்ற மூன்றையும் அதே நேரத்தில் கையால் திருகிப் பார்த்துவிட்டே ஸ்டாண்டைத் திரும்ப ஏற்ற வேண்டும்.